நேரில் வரவேண்டியவர்

புகுமுக வகுப்பில் சேர வருகிறவர் பள்ளியிறுதித் தேர்வில் கல்லூரிப் படிப்புக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். நன்னடத்தைக்குத் தலைமையாசிரியரின் சான்று வேண்டும். அம்மை குத்திக்கொண்டதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். சிதம்பரத்துக்கு வெளியே, வயல்களின் நடுவே, அரிசி ஆலைக்காரர் ஒருவரின் அறக்கட்டளை நடத்திய அந்தச் சிறு கல்லூரி ஆண்டுதோறும் கேட்டவை இவ்வளவே. இவையனைத்தும் ஜெய்னபிடம் இருந்தன.

அறுபத்தைந்தாம் ஆண்டில் கல்லூரி இன்னும் ஒன்றைக் கேட்டது. அந்தத் தை மாதத்தில் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்களைக் கண்டு நிர்வாகம் மிரண்டு போயிருந்தது. பிள்ளைகளைக் கண்டிக்க ஆளனுப்பியபோது, காப்பாளர்களாகக் கையொப்பமிட்டிருந்த சித்தப்பன்களும் மாமன்களும் 'எனக்குத் தெரியாது' என்று கைவிரித்தார்கள். எனவே புதிய விதி பிறந்தது: தகப்பனார் நேரில் வரவேண்டும், தகப்பனார் இல்லையேல் தாயார் வரவேண்டும், முதல்வரின் கண் முன்னால் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். வேறெவர் வந்தாலும் செல்லாது.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றை நோக்கி இறங்கும் ஒரு முஸ்லிம் தெருவில், ஜெய்னபின் வீட்டில் தகப்பனார் இல்லை. தாயார் இருந்தார். வீட்டுக்குள் இருந்தார்.

அந்த வீடு இடியாப்பத்தால் பிழைத்த வீடு. ஜெய்னபின் தகப்பனார் ரஃபியுதீன் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பின் அங்கிருந்து பணம் வருவது நின்றது. பிறகு கடிதமும் நின்றது. அவர் மனைவி சலீமா பீவி பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, வறுத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, பித்தளை உரலில் இட்டுப் பிழிந்தார். உரலின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அவருடைய உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தன. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கொல்லைச் சந்துகளின் வழியே வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். ஜெய்னப் அடுப்பின் முன் அமர்ந்து மூங்கில் தட்டுகளை அடுக்கியபடியே பாடம் படித்தாள். அந்தத் தெருவில் பள்ளியிறுதி வரை போன முதல் பெண் அவள்தான். 'ஆளான பொண்ணு எதுக்கு ரோட்டுல போவுது' என்று கேட்டவர்களுக்குச் சலீமா பீவி ஒரே மறுமொழி வைத்திருந்தார்: "ரங்கூன்ல இருக்குறவுங்க சொல்லிட்டுப் போனது. அவுங்க வந்தா அவுங்களக் கேளுங்க."

அவர் வரவில்லை. ஆனி மாதம் பிறந்த நாளில், அகதிக் கப்பலில் சென்னையில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி லியாக்கத் அலி வந்தார். ரஃபியுதீனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். வாசலில் நின்றவர் தண்ணீரை வாங்கிக் குடித்த பிறகும் செம்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

"ஒங்களுக்குத் தந்தி வரலியா?" என்றார்.

"என்ன தந்தி?" என்றார் சலீமா பீவியின் அண்ணன் கிபாயத்துல்லா.

"மொதலாளி அடிச்சிருப்பாருன்னுதான் நான்... மொதலாளியையே அப்பத் தூக்கி உள்ள வச்சிட்டானுவ. நோன்புல, இருபத்தேழாம் நோன்பு அன்னிக்கி. மூணு நாள் காய்ச்சல்தான். என் மடியிலதான் மவுத்தானாரு, பாய். நான்தான் குளிப்பாட்டுனேன்."

இருபத்தேழாம் நோன்பு! அந்த நாளில் இந்த வீட்டில் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். பெருநாளைக்கு அவரிடமிருந்து ஒரு வரி வராதா என்று காத்திருந்தார்கள். அதன்பின் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிற்று. அத்தனை மாதங்களும் ஒரு பெண் தன் கணவன் உயிரோடிருப்பதாக எண்ணிக்கொண்டு உரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவின் பெண்கள் கூடினார்கள். எந்த வீட்டுத் துக்கத்திலும் முன்னே நிற்கும் அஸ்மத் பீவி, சலீமா பீவியின் காதுத் தோட்டைக் கழற்றி, வெள்ளைப் புடவை உடுத்தி, உள்ளறையில் பாய் விரித்து அமர்த்தினார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்கும் இத்தா தொடங்கியது. அஸ்மத் பீவி விரல் மடக்கிக் கணக்கிட்டார். "இன்னையிலேர்ந்து வச்சா, ஐப்பசி பொறந்து எறங்கலாம்." பெண்கள் அனைவரும் தலையசைத்தார்கள். ஆண்கள் இதில் வாய் திறப்பதில்லை. பெண்கள் பள்ளிவாசலைக் கேட்பதில்லை. தெருவின் வழக்கம் அது.

அதற்குப் பத்து நாள் முன்னதாகத்தான் தேர்வு முடிவு வந்திருந்தது. இத்தா தொடங்கிப் பதினைந்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது.

கிபாயத்துல்லா துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கேற்றும் மேஸ்திரி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெளுத்த சட்டை அணிந்து, மருமகளை அழைத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் ஏறினார். மேல்காற்று புழுதியை வாரிப் பெட்டிக்குள் எறிந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு நிலையத்திலும் அவர் எட்டிப் பார்த்து, "இன்னம் இருக்குது, இன்னம் இருக்குது" என்றார்.

"நான் எறங்குறதுக்கு ஒண்ணும் அவசரப்படல, மாமா" என்றாள் ஜெய்னப்.

"எனக்குத்தான் பயமா இருக்குது, புள்ள. கேள்வி கேப்பாங்களாம்ல?"

"என்னையத்தானே கேப்பாங்க. நீங்க எதுக்கு வேர்க்குறீங்க?"

முதல்வர் ராஜாமணி கொடியவர் அல்லர். மதிப்பெண்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"கணக்குல தொண்ணூத்தொண்ணு. தனியா யார்கிட்டம்மா படிச்சே?"

"யார்கிட்டயும் இல்ல, சார். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததுதான்."

"நம்ம காலேஜ்ல முந்நூறு பேர் படிக்கிறாங்க. பொண்ணுங்கன்னு பாத்தா பதினோரு பேரு. பாதிப் பேர் வீட்டுல மொத மொதலா காலேஜ் வாசல மிதிச்சவங்க. ஆனா உங்க ஜனங்கள்ல ஒரு பொண்ணு இதுவரைக்கும் வந்ததில்ல. நீ வந்தா அது எங்களுக்குப் பெருமை." பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து கிபாயத்துல்லாவைப் பார்த்தார். "நீங்கதானே அப்பா?"

"தாய்மாமன், சார். மச்சான் ரங்கூன்ல மவுத்தாயிட்டாரு."

"அடடா... அப்ப தாயார்?"

"அவுங்க இத்தா இருக்குறாங்க, சார். வாசப்படி தாண்டக் கூடாது. ஐப்பசி வரைக்கும்."

"ஆடியில நான் கிளாஸ் ஆரம்பிக்கிறேனே."

"நான் போடுறேன், சார். எத்தினி கையெழுத்து வேணும்னாலும் போடுறேன். இவ ஒரு ஊர்வலத்துக்கும் போவ மாட்டா. இவ வூட்டுலேயே சத்தமாப் பேசுனதில்ல."

"இவ போவான்னு நான் சொல்லலீங்களே, பாய். ரூல் இது. உங்களுக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு மாமனக் கூட்டிட்டு வருவான். கமிட்டி என்னைக் கேக்கும்." பேனாவை மூடினார். "இந்த எடத்த வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல என் கையில இல்ல."

அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டில் கொளஞ்சி இருந்தாள். குடிகாட்டிலிருந்து சவுக்கு மிளாறு சுமந்து வந்து விற்கிறவள். சலீமா பீவி உள்ளே அமர்ந்த நாள் முதல், விறகை இறக்கிய அதே தலையில் இடியாப்பக் கூடையை ஏற்றிக்கொண்டு வீடுகளுக்குக் கொடுத்து வருகிறவளும் அவளே. கிபாயத்துல்லா சொன்னதைக் கேட்டதும் முதலில் கொதித்தவள் அவள்தான்.

"காலேசு வூட்டுக்கு வராதாமா? ஓட்டு கேக்க மட்டும் கொல்லக் கதவு வரைக்கும் வந்து நிக்கிறானுவ! ஒரு கையெழுத்துக்கு ஒரு ஆளு ரயிலேறி வந்தா அவன் காலு தேஞ்சி பூடுமா?"

"நீ சித்த சும்மா இரு, கொளஞ்சி" என்ற கிபாயத்துல்லா, உள்ளறையின் நிலைப்படியருகே குந்தினார். "சலீமா, கூண்டு வண்டி கட்டுறேன். சுத்திலும் படுதா போட்டுடறேன். ஸ்டேஷன்ல பொம்பளைங்க பெட்டி. அங்க எறங்குனா மறுபடியும் வண்டி. ஒரு கண்ணு ஒன்னையப் பாக்காது."

"படுதா போட்டா வாசப்படி இல்லாமப் பூடுமா, நானா?" அண்ணனை 'நானா' என்றழைப்பது அவர்கள் வழக்கம்.

"படிப்பு பூடுமே, புள்ள."

 உள்ளிருந்து மறுமொழி அழுகையில்லாத குரலில் வந்தது.

"அவுங்களுக்கு நான் என்ன செஞ்சேன்? காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு வாய் தண்ணி ஊத்துனேனா? மூஞ்சியப் பாத்தேனா? பொதச்ச கபுரு எந்தப் பக்கம்னாவது எனக்குத் தெரியுமா? இருபது வருசத்துல எண்ணி நாலு வாட்டி வந்தாங்க. நான் அவுங்களுக்குன்னு செய்யக்கூடியது இந்த நாலு மாசம் ஒண்ணுதான் மிச்சம். அதுலயும் ஒரு நாளக் கிள்ளி எடுத்துக்கச் சொல்றியா?"

இதற்கு என்ன மறுமொழி உண்டு? மேடைகளில் எத்தனையோ மறுமொழிகள் உண்டு. அந்த நிலைப்படியில் ஒன்றுகூட இல்லை. மூடப்பழக்கம் என்று ஒரு சொல்லால் இதைத் தள்ளிவிட முடியுமா? அது ஒரு பெண் தன் கணவனுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த கடைசிப் பொருள்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டா? ஒரு நாளைக்கி மட்டும்..."

"கேக்காத. மாட்டேன்னு சொன்னா ஒன் மனசு ஒடியும். சரின்னு சொன்னா தெரு என்னா சொல்லும்? புருசன் சேதி வந்து ஈரம் காயல, மவளக் கூட்டிக்கிட்டு ரயிலேறிட்டா பாருன்னு சொல்லும். அது என்னோட போவாது. இவ தலையிலதான் வந்து வுழும்."

அடுப்படியில் ஜெய்னப் மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். கிபாயத்துல்லா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உம்மா சொல்றது சரிதான், மாமா" என்றாள் அவள். சல்லடை நிற்கவில்லை.

"சரிதானாம்!" என்றாள் கொளஞ்சி. "எல்லாருஞ் சரி. அப்பத் தப்பு யாருதுன்னாவது சொல்லுங்க, அவன நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

புதன்கிழமை கிபாயத்துல்லா மறுபடியும் சிதம்பரம் போனார். இம்முறை தனியாக. முதல்வர் அறைக்குப் போகத் துணியாமல், அலுவலகத்தில் இருந்த எழுத்தர் பழனிவேலிடம் நின்றார். பழனிவேல் இளைஞர், இரக்கமுள்ளவர்.

"நானே உங்ககூட வந்துடறேன், பாய்" என்றார். "கடலூர்தானே, என் மாமனார் ஊரு. கதவுக்கு இந்தாண்ட நான் நிக்கிறேன். அந்தாண்டருந்து அவங்க போடட்டும். இருங்க, சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

திரும்பி வரும்போது அவர் முகம் மாறியிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"இன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போனா, நாளைக்கு எல்லா வீட்டுக்கும் போவணும்கிறாரு. நான் என்ன பண்றது, பாய்? நான் இங்க வந்தே ஒரு வருசம்தான் ஆவுது."

"தப்பா எடுத்துக்கலீங்க."

"டீ சாப்பிடறீங்களா?"

"வேணாங்க."

தேநீரை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டே அனுப்பினார் பழனிவேல். கல்லூரியின் பக்கத்திலிருந்து அவர்களுக்குக் கிடைத்த உதவி அந்த ஒரு குவளைதான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வானம் மூடிக்கொண்டது. கொளஞ்சி விறகு கொண்டு வரவில்லை, முந்தின நாளின் மிளாறு நனைந்து கிடந்தது, இடியாப்பம் போடவில்லை. சலீமா பீவி உள்ளறையில் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். செய்வதற்கு எதுவும் இல்லை. ஜெய்னப் தாயின் எதிரில் அமர்ந்து, இருக்கிற துணிகளையெல்லாம் ஒருமுறை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். மாலையில் மழை விட்டது. அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அதன்பின் ஐந்து மணியும் கடந்திருக்க வேண்டும்.  புளியாணம் வைத்து, சோறு வடித்து, விளக்கேற்றி உண்டார்கள்.

இடம் போனதும், அதுவரை ஒதுக்கி வைத்திருந்த பேச்சு முன்னால் வந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் இரண்டு முறை கேட்டு வந்திருந்தது. மாப்பிள்ளை பினாங்கில் மளிகைக் கடையில் இருந்தார். படிப்பைச் சொல்லி அதைத் தள்ளிக்கொண்டே வந்தவர் கிபாயத்துல்லா. இனி எதைச் சொல்லித் தள்ளுவார்? தகப்பனில்லாத பெண்ணுக்கு வாசலில் வந்து நிற்கும் சம்பந்தத்தை எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்? சரி என்று சொல்லியனுப்பினார்.

"மறுபடியும் கப்பல்காரனா?" என்றாள் கொளஞ்சி. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். 

மாப்பிள்ளை ஆவணியில் கப்பலேற வேண்டும். அதற்குள் நிக்காஹை முடித்துவிடக் கேட்டார்கள். இத்தா இருக்கிற வீட்டில் நிக்காஹ் வைக்கலாமா? இதை அஸ்மத் பீவியால் சொல்ல முடியவில்லை. கிபாயத்துல்லா பள்ளிவாசலுக்குப் போய், இத்தாவைப் பற்றி முதன்முதலாக ஹஜ்ரத்தைக் கேட்டார்.

ஹஜ்ரத் வயதில் இளையவர். அந்தப் பள்ளிவாசலுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஹவுள் குளத்தின் கரையில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த இத்தா, மேஸ்திரி? யாருக்கு?"

"என் தங்கச்சிக்குத்தான், ஹஜ்ரத். ஐப்பசி வரைக்கும் இருக்குதே."

"ஐப்பசியா? ஒங்க மச்சான் எப்ப மவுத்தானாரு?"

"நோன்புல. இருபத்தேழாம் நோன்புல."

ஹஜ்ரத் கையில் அள்ளிய தண்ணீரைக் கீழே விட்டார்.

"இத்தா மவுத்தான நாள்லேர்ந்து கணக்கு, மேஸ்திரி. சேதி வந்த நாள்லேர்ந்து இல்ல. சேதியே தெரியாம நாலு மாசமும் பத்து நாளும் போயிருந்தா, இத்தா முடிஞ்சி போச்சு. அவ்வளவுதான். சஃபர் மாசம் பொறந்து ஒரு வாரத்துலயே அது முடிஞ்சிருக்கும். ரங்கூன்காரரு ஒங்க வூட்டுக்கு வந்தப்பவே, அவுங்க இத்தாவுல இல்ல." குரல் தாழ்ந்தது. "யாரும் என்னையக் கேக்கலியே. வூட்டுல இருக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். துக்கத்துல இருக்குறாங்கன்னு நெனச்சேன். நானும் விசாரிக்கல. அல்லாஹ் மன்னிக்கணும்."

கிபாயத்துல்லா நின்றார். நோன்பிலிருந்து ஒவ்வொரு மாதமாக விரல் மடக்கி எண்ணினார்.

எண்ணிப் பாருங்கள்! மார்க்கம் அந்தப் பெண்ணைப் பூட்டவில்லை. மார்க்கம் அவளை விட்டுவிட்டது. அவளிடம் சொல்லாமலே விட்டுவிட்டது. பூட்டியவர் யார்? விரல் மடக்கிய அஸ்மத் பீவியா? கேட்காதே என்று தடுத்த சலீமா பீவியா? கேட்காமல் இருந்த அண்ணனா? கேட்கும் வரை சொல்லாமல் இருந்த ஹஜ்ரத்தா? ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் எழுதிக் கிடந்த ஒரு வரி, பள்ளிவாசலிலிருந்து நாற்பது அடி தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு நடந்து வரவில்லை. பெண்களின் காரியம் என்று ஆண்கள் விலகினார்கள். ஆண்களின் இடம் என்று பெண்கள் விலகினார்கள். நடுவில் ஒரு பெண்ணின் படிப்பு விழுந்தது. அதை எடுக்க அங்கே எவர் கையும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோது சலீமா பீவி மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். பிசைந்த கை பாத்திரத்திலேயே இருந்தது.

"அப்ப இது அவுங்களுக்குப் போய்ச் சேரலியா?" என்றார்.

"எது?"

"நான் இருந்தது."

சலீமா பீவி பாத்திரத்திலிருந்து கையை எடுத்துக் கழுவினார்.

"நாளைக்கிக் காலையில வண்டி எத்தினி மணிக்கி, நானா?"

"எங்க போவ? எல்லாம் முடிஞ்சிபோச்சு, சலீமா. அங்க கிளாஸ் நடக்குது. இங்க நான் வார்த்த குடுத்துட்டேன்."

"தாயார் வரணும்னுதானே கேட்டாங்க? நான் வரேன். வந்து நிக்கிறேன்."

மறுநாள் சலீமா பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கினார். எதிர்வீட்டுச் சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. அஸ்மத் பீவி தன் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். ஜெய்னப் தாயின் பின்னால் நடந்தாள். மூவரும் காலை வண்டியில் ஏறினார்கள்.

கல்லூரியில் வகுப்புகள் தொடங்கியிருந்தன. எழுத்தர் பழனிவேல் துப்பட்டியைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர்களை அவரே முதல்வர் அறைக்கு அழைத்துப் போனார். நடையின் ஓரத்து வகுப்பறையில் யாரோ கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஜெய்னப் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

முதல்வர் ராஜாமணியும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா."

சலீமா பீவி உட்காரவில்லை. "நான்தாங்க ஜெய்னபோட தாயாரு. நேர்ல வரச் சொன்னீங்கன்னு சொன்னாங்க. எங்கங்க கையெழுத்துப் போடணும்?"

முதல்வர் கிபாயத்துல்லாவைப் பார்த்தார். கிபாயத்துல்லா, நடந்ததை உடைந்த சொற்களில் சொன்னார்: நோன்பு, கப்பல், ஹஜ்ரத், கணக்கு. முதல்வர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார்; அவை முன்னமே ஒழுங்காகத்தான் இருந்தன.

"அந்த எடத்தக் குடுத்தாச்சும்மா. காட்டுமன்னார்குடிப் பையன் ஒருத்தன். சனிக்கிழமை காலையில அவங்கப்பா வந்து கையெழுத்துப் போட்டாரு. அதுக்கு மேல ஒரு சீட்டுகூடச் சேக்க யுனிவர்சிட்டி விடாது. அடுத்த வருஷம் கண்டிப்பா..."

"அடுத்த வருசம் இவ புருசன் வூட்டுல இருப்பாங்க" என்றார் சலீமா பீவி. அதைக் குறையாகச் சொல்லவில்லை; தகவலாகச் சொன்னார்.

சலீமா பீவி மேசையருகே ஓரடி வந்தார்.

"என்னிக்கி வரைக்குங்க வச்சிருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை, அஞ்சு மணி வரைக்கும்."

"வெள்ளிக்கிழமை" என்று சலீமா பீவி திருப்பிச் சொன்னார். ஜெய்னப் தாயின் கையைப் பிடித்தாள்.  அவர் முதல்வரை நேராகப் பார்த்து, ஒரு சாட்சியம் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை நான் வூட்டுலதாங்க இருந்தேன். சும்மாதான் இருந்தேன்."